விட்ட நண்டு

கொழுந்தன் சந்தியாகு படகில் வாயே திறப்பதில்லையாம் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் மதலேனாளுக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

அவன் வாய் என்ன சாமானியமான வாயா. செத்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் தூக்குவதற்குள் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான். கடலுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். அவன் சத்தம் கேட்டுத்தான் பக்கத்துப் படகுக்காரர்கள் பனிமூட்டத்தில் திசை பார்ப்பார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவன் பதினைந்து நாளாக நண்டுக்கூடு இழுக்கும்போது ஊமையாக நிற்கிறான், ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறான் என்று அவனோடு ஒரே படகில் போகிற வியாகுலம் வந்து சொன்னான். திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று மதலேனாள் நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. குருசடிப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் கண்டல்குடாவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏலக்கொட்டகைக்குப் பின்னால், கடலைப் பார்த்து நிற்கிற குருசடிச் சிலுவையின் நிழலில், மூடியில்லாத பெரிய ஓலைப்பெட்டி ஒன்று இருக்கும். கம்பெனி லாரிகள் இரண்டு கொடுக்கும் முழுசாக இருக்கிற நண்டைத்தான் ஏற்றும். சண்டையிலோ வலையிலோ ஒரு கொடுக்கைப் பறிகொடுத்த நண்டு, உள்ளே எவ்வளவுதான் சதை இருந்தாலும், அவர்களுக்குக் கழிவு. அந்த ஒத்தைக்கொடுக்கு நண்டெல்லாம் பெட்டிக்கு வரும். கடலுக்குப் போக ஆளில்லாத வீடுகள் ஊரில் பதினொன்று. மத்தியான மணி அடித்ததும் அந்த வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தது போல வந்து, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் பார்ப்பதில்லை. பார்த்தவர்களும் பார்ப்பதில்லை.

இதைக் 'கொடுப்பது' என்று அந்தக் கரையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கொடுத்தால் வாங்குகிற கை தாழ்ந்துபோகும். 'விடுவது' என்றுதான் சொல்வார்கள். படகில் நண்டைக் கழற்றும்போதே, ஒத்தைக்கொடுக்கா, அத விடு என்று ஒருத்தன் சொன்னால், மற்றவன் அதை எடுத்து ஓரத்துப் பெட்டியில் போடுவான். விட்ட பங்கு என்று அதற்குப் பெயர். கடல்காரர்களுக்குச் சொல் அவ்வளவு முக்கியம். படகில் நின்றுகொண்டு 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். குடிதண்ணீர் தீர்ந்துபோனால்கூட, தண்ணி நிறைஞ்சிருக்கு என்பார்கள். கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும், கடலுக்குக் கேட்காது.

மதலேனாளின் புருசன் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அதில் முதல் நாலு வருடம் அவள் வீட்டுச் சட்டியிலும் விட்ட பங்குதான் கொதித்தது. பிறகு நண்டு பிரிக்கும் கொட்டகைக்கு அவள் பொறுப்பாளியானாள். அந்தப் பெட்டியும் அவள் பொறுப்பில் வந்தது. அதனால்தான் அது பாதியாகி, கால்பாகமாகி, கடைசியில் இரண்டு மூன்று நண்டு மட்டும் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவளுக்குத் தன் வயிற்றில் யாரோ கை வைத்தது போல இருந்தது.

பிலோமி வேறு வந்து நின்றாள். பிலோமியின் புருசன் ஐந்து வருடத்துக்கு முன்னால் புயலில் போனவன், படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. மூன்று பிள்ளைகள். நாக்கு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என்ன மதலேனக்கா, பெட்டிய அழகுக்கு வச்சிருக்கீகளா? முன்னமே சொல்லியிருந்தா ரெண்டு பூவாச்சும் கொண்டாந்து போட்டிருப்பேனே."

மதலேனாள் தானும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கடலில் நண்டு குறைந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. லாரிகள் முன்னைவிட அதிகமாகத்தான் ஏற்றிக்கொண்டு போயின. முழு நண்டு மட்டும் வந்து, ஒத்தைக்கொடுக்கு நண்டு மட்டும் எங்கே போகும்? யாரோ எடுக்கிறான். கம்பெனிக்கு ஆகாத நண்டை ரகசியமாக வாங்குகிற ஓட்டல்காரன் எவனாவது பக்கத்து ஊரில் இருப்பான். கடலிலேயே கைமாறியிருக்கும்.

இதற்கிடையில் புத்திக்கூடு என்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சினை நண்டையும் பொடி நண்டையும் வலை வாரிக்கொண்டு போகிறது, இப்படியே போனால் கடலில் நண்டு என்ற சாதியே இருக்காது என்று, நண்டு வலைகளைத் தடைசெய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்டல்குடா அந்த மூன்று வருடமும் பட்ட பாடு தனிக்கதை. பிறகு எட்டு மாதத்துக்கு முன்னால் கூடுகள் வந்தன. பார்க்க ஒரு சின்ன மீன்பெட்டி போல இருக்கும். உள்ளே இரை. நண்டு நுழைய ஒரு வாசல். நுழைந்ததும் சட்டைப் பொத்தான் அளவுக் கண் ஒன்று அதைப் பார்க்கும். வைத்துக்கொள்ள வேண்டிய நண்டு என்றால் சும்மா இருக்கும். விட வேண்டிய நண்டு என்றால் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடும். அந்தக் கதவுக்கு ஆராய்ச்சி நிலையத்தார் ஏதோ நல்ல பெயர் வைத்திருந்தார்கள். ஊரார் அதைக் கள்ளவாசல் என்றார்கள். கூட்டுக்குப் புத்திக்கூடு என்று பெயர் வைத்தவன் சந்தியாகு. நமக்கு இல்லாதது அதுக்காவது இருக்கட்டும் என்றானாம்.

அந்தக் கூட்டுக்குப் பாடம் சொன்னவள் மதலேனாள். நிலையத்திலிருந்து வந்த சுல்தானா என்ற ஆராய்ச்சி டாக்டரம்மா, கீழக்கரைப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும், ஊரில் விசாரித்துவிட்டு நேராக மதலேனாளிடம்தான் வந்தார். நண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது சினையா, பொடியா, தோல் உரித்து இன்னும் கெட்டிப்படாததா என்று சொல்ல அவளைவிட்டால் ஆள் கிடையாது. இருபது நாள் கொட்டகையில் அவள் தலைக்கு மேல் ஒரு கண்ணும் காதும் மாட்டி வைத்திருந்தார்கள். அவள் எப்போதும் போல நண்டைப் பிரித்தாள். எப்போதும் போலப் பேசினாள். போடு என்றால் லாரிக்கு, விடு என்றால் கடலுக்கு. கூடு அவள் கையைப் பார்த்து, வாயைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. இருபது நாள் முடிந்ததும் கூடுகளில் இருக்கிற காதை அடைத்துவிடுவோம் என்று சுல்தானா சொன்னார். தண்ணிக்குள்ள எதுக்குக்கா காது, கண்ணு போதும் என்று சிரித்தார்.

கூட்டில் கை வைத்தால் ஊருக்கே உரிமம் போகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது.

அதனால்தான் ஒரு வியாழக்கிழமை, சந்தியாகுவின் படகிலிருந்து இறங்கிய மூன்று கூடுகளில் கள்ளவாசலைத் தங்கூசி என்கிற நைலான் நரம்பால் கட்டியிருந்ததைப் பார்த்ததும் மதலேனாள் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஒரு கூட்டை எடுத்துக்கொண்டு கரையில் நின்றவனிடம் போனாள். இது என்ன முடிச்சு என்று கேட்டாள்.

அவன் கூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ரெட்ட முடிச்சு மதினி. மூணாவது போடுறதுக்குள்ள நீங்க பாத்துட்டீக, இல்லாட்டி தாலின்னே சொல்லியிருப்பேன்."

சிரிக்கிற நேரமில்லை என்றாள். பெட்டி காலியாகிறது, நீ கள்ளவாசலைக் கட்டுகிறாய், இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நான் களவாங்கல மதினி. கூடு களவாங்குது."

"களவாண்டு எங்க கொண்டுபோய் விக்கிது? மண்டபத்துலயா, தொண்டியிலயா?"

"கடல்ல விடுது. ஒத்தக்கொடுக்கக் கண்டா கதவத் தொறந்துருது. சந்தேகம் வந்துதான் மூணு கூட்ட மட்டும் கட்டிப் பாத்தேன். கட்டுனதுல இருக்கு. கட்டாததுல காணோம். சினையும் பொடியும் வந்தத நானே கையால கடல்ல விட்டுட்டேன், மத்தத நம்ம பெட்டியில போட்டேன். நேத்து ஆறு கெடந்துச்சே, பாக்கலியா?"

பார்த்திருந்தாள். நேற்று பெட்டியில் ஆறு நண்டு கிடந்தது உண்மைதான். ஆனால் சந்தேகம் என்பது விழுந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனி. பயந்துபோய்க் கொஞ்சத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இவன் அடுத்தவன் வலையைக் கடலில் இழுத்து மீனைக் களவாண்டவன். ஊர் முன்னால் முழந்தாள்படியிட்டு மன்னிப்புக் கேட்டவன். அன்றைக்கு அவளும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது.

"படகுல ஏன் பேசமாட்டேங்குறியாம்?" என்று கேட்டாள்.

அவன் அவள் கையிலிருந்த கூட்டையே பார்த்தான். பிறகு கிட்டே வந்து, குரலை இறக்கி, "அத அங்கிட்டு வச்சிட்டு வாங்க, சொல்றேன்" என்றான்.

தடயத்தைக் கையிலிருந்து நழுவவிடச் சொல்கிறான் என்று மதலேனாள் எடுத்துக்கொண்டாள். வைக்க மாட்டேன் என்றாள். அப்படியென்றால் நானும் சொல்லமாட்டேன் என்று அவன் போய்விட்டான். அவள் நேராக ஊர்த்தலைவர் மிக்கேல் வீட்டுக்கு நடந்தாள். போகும் வழியில் பிலோமியிடமும் சொன்னாள். பிலோமியிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் என்று மிக்கேல் அறிவித்தார். இது இரண்டாவது தடவை. இரண்டாவது தடவை களவு நிரூபணமானால் ஒரு வருடத்துக்குக் கடல் கிடையாது, படகின் நம்பரை அடித்துவிடுவார்கள். கடலில்லாத சந்தியாகு ஒரு வருடம் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அவன் பெண்டாட்டி கடையில் உப்பு வாங்கப் போனபோது பேச்சு நின்றதாம், அவள் வெளியே வந்ததும் திரும்பத் தொடங்கியதாம்.

சனிக்கிழமை காலையில் சுல்தானா ஜீப்பில் வந்து இறங்கினார். மூன்று கூடுகளின் கதவு கட்டப்பட்டது அவருக்கு நிலையத்திலேயே தெரிந்துவிட்டதாம். மதலேனாளுக்கு அதுவும் உறுத்தியது. இங்கே கட்டின முடிச்சு அறுபது மைலுக்கு அப்பால் எப்படித் தெரியும்? கரைக்கு வந்து மின்னேற்றும்போது கூடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று சுல்தானா சொன்னார். ஒன்றுக்கொன்று பாடமும் சொல்லிக்கொள்ளும். ஒரு கூடு கற்றுக்கொண்டால் எல்லாக் கூடும் கற்றுக்கொண்ட மாதிரி. ஊர்ப் பெண்களைப் போலத்தான் என்று நினைத்தாள் மதலேனாள்.

கொட்டகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுல்தானா கையிலிருந்த டேப்லெட்டில், கூட்டின் கண் கடலடியில் எடுத்த படங்களை ஓடவிட்டார். சந்தியாகு நண்டைக் களவாடுவதைக் காட்டுங்கள் என்றுதான் மதலேனாள் கேட்டாள். சந்தியாகுவின் கூடு, வியாகுலத்தின் தம்பி கூடு, இன்னொருவன் கூடு என்று வரிசையாக வந்தது.

கலங்கல் தண்ணீரில் ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது. ஒரு கொடுக்கு இல்லை. இருந்த இடத்தில் சின்ன மொட்டு மட்டும். கூட்டின் கண் அதைப் பார்த்தது. கள்ளவாசல் திறந்தது. நண்டு கொஞ்சம் யோசித்தது போல நின்றுவிட்டு வெளியே போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாப் படகின் கூடுகளிலும் அப்படியே. மதலேனாள் படங்கள் தீரும்வரை பார்த்தாள்.

"இதுல மனுசக் கை எங்க இருக்கு டாக்டரம்மா?"

"இல்லக்கா. எங்கயுமே இல்ல."

 சினை, பொடி, தோல் உரித்தது, இந்த மூன்றைத்தானே விடச் சொன்னோம், நாலாவதாக இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று மதலேனாள் கேட்டாள். சுல்தானா டேப்லெட்டில் எதையோ தேடினார். தேடி எடுத்துவிட்டு, அதைக் கேட்கவிடுவதற்கு முன்னால் தயங்கினார். பிறகு விரலை வைத்தார்.

மதலேனாளின் குரலே வந்தது. பின்னணியில் ஐஸ் உடைக்கிற சத்தம். "இந்தா, ஒத்தக்கொடுக்கு. இத விடு." கொஞ்சம் கழித்து, "நல்ல சதப்பிடிப்பு, பிலோமி பிள்ளைகளுக்கு ஆகும். விடு, விடு."

"சென்னையில உக்காந்து இதக் கேட்டுக் குறிக்கிற பிள்ளைகளுக்கு ஒங்க பெட்டியப் பத்தித் தெரியாதுக்கா," என்றார் சுல்தானா. "விடுன்னா கடல்ல விடுறதுன்னு குறிச்சிட்டாங்க. நானும் ஒரு தடவ பாத்தேன், எனக்கும் ஒறைக்கல. எங்க வீட்டுல எண்ணெய் விடுன்னா ஊத்துறது, ஆட்ட விடுன்னா அவுத்துவிடுறது. எனக்காவது தெரிஞ்சிருக்கணும்."

மதலேனாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எலும்பில்லாத நாக்கு என்பார்களே, அது அவள் வாய்க்குள் கனத்துக் கிடந்தது. பதினொரு வீட்டுச் சட்டியைக் கவிழ்த்தது அவள் சொன்ன ஒரு சொல். அது தன் சொல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் அதற்குப் பதிலாக ஒரு மனிதனை ஊர் முன்னால் நிறுத்தியும்விட்டாள்.

சுல்தானா மெல்லச் சொன்னார். அடிபட்ட நண்டைத் தானாகவே காப்பாற்றும் கூடு என்று மேலிடத்தில் பாராட்டுக் கிடைத்திருக்கிறதாம். தாங்கள் சொல்லிக்கொடுக்காமலே அது கற்றுக்கொண்ட நல்ல குணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம்.

"அந்த நண்டு ரெண்டு தடவ தோல் உரிச்சா கொடுக்கு திரும்ப மொளச்சிரும். கடலுக்கு நல்லதுதானேக்கா."

"கடலுக்கு நல்லதுதான். பிலோமி புருசன் மொளச்சு வருவானா?"

சுல்தானா தலையைக் குனிந்துகொண்டார். திருத்திவிடுகிறேன் என்றார். யாருக்கும் தெரியாமல் இரண்டு நாளில் திருத்திவிடலாம். ஆனால் சந்தியாகு கதவைக் கட்டியது மட்டும் பதிவாகியிருக்கிறது. அது குற்றமில்லை, சோதித்துப் பார்த்ததுதான் என்று ஊரே வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் அதை அப்படி எழுத முடியும். ஊர் சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் மதலேனாளின் வாயில் இருந்தது.

எழுந்து போகும்போது சுல்தானா திரும்பி நின்று, தனக்குத்தானே சொல்வது போல ஒன்று சொன்னார். "ஒண்ணுதான்க்கா எனக்கு வெளங்கல. கொட்டகையில நீங்க ஒத்தக்கொடுக்குக்கு விடுன்னு சொன்னது இருபது நாளுல மொத்தம் பதினேழு தடவ. பதினேழுக்கு இவ்வளவு கத்துக்காது. அதுவும் மூணாவது மாசத்துலருந்து ஏறிக்கிட்டே போயிருக்கு."

மதலேனாள் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அன்று அவள் சோறு வடித்து வைத்தது வைத்தபடி இருந்தது. மதலேனாள் கை பட்டால் நண்டே தன் வயதைச் சொல்லும் என்று ஊரில் பேசுவார்கள். நாளைக்கு அதே வாய்கள் என்ன பேசும்? சும்மா இருந்துவிட்டால் என்ன? கூடு சரியாகிவிடும், பெட்டி நிறைந்துவிடும். சந்தியாகு எப்படியும் ஒரு காலத்தில் களவாண்டவன்தானே. இப்படியும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஏலக்கொட்டகை நிறைந்துவிட்டது. மேசையில் சுல்தானா ஒரு கூட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்குள் ஒரு ஒத்தைக்கொடுக்கு நண்டு கிடந்தது. கூட்டின் கண்ணுக்கு ரப்பர் மூடி போட்டிருந்தார். மூடியை எடுத்தால் கண் நண்டைப் பார்க்கும், கதவு திறக்கும், ஊரே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். சந்தியாகு ஒரு தூணில் சாய்ந்து கைகட்டி நின்றான். கூட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. முகத்தில் குற்றவாளிக் களை வந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மிக்கேல் ஆரம்பிப்பதற்குள் பின்வரிசையில் இருந்த மதலேனாள் எழுந்துவிட்டாள். இப்போது எழாவிட்டால் பிறகு எழவேமாட்டோம் என்று அவளுக்குப் பயம்.

"பெட்டி நண்ட எடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். கூட்டம் சந்தியாகுவைப் பார்த்தது. "அங்கிட்டுப் பாக்காதீக. இங்கிட்டுப் பாருங்க. களவாண்டது என் வாய்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகையில் தான் சொன்ன சொல், அதைக் கூடு எடுத்துக்கொண்ட விதம், கடலடிப் படங்கள், சந்தியாகு சொன்னதும் தான் நம்பாமல் போனதும். அடுக்கிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. நடுவில் ஒருத்தன், அப்ப கூட்டுக்கு நீங்கதான் களவு சொல்லிக் கொடுத்தீகளா என்று கேட்டான். ஆமாம் என்றாள். பிலோமி முதல் வரிசையில் இருந்தாள். எல்லோரும் அவள் நாக்குக்குக் காத்திருந்தார்கள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் மதலேனாளை அதிகமாகச் சுட்டது.

கடைசியில் மதலேனாள் சந்தியாகுவின் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் முழந்தாள்படியிட்ட அதே இடத்தில் முழந்தாள்படியிடப் போனாள். அவன் ஒரே எட்டில் வந்து அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.  அவன் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் குனிகிற மாதிரி கூட்டின் அருகே குனிந்தான். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"போனது போகட்டும் மதினி. விடுங்க."

டிக் என்று ஒரு சத்தம்.

கள்ளவாசல் திறந்தது. நண்டு வெளியே வந்து, மிக்கேல் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு, பக்கவாட்டில் மேசை முழுக்க நடந்து, விளிம்பில் தடுமாறியது. கீழே விழுமுன் பிலோமி எட்டிப் பின்னங்காலில் பிடித்துவிட்டாள். உயர்த்திப் பார்த்தாள்.

"இது எனக்கு விட்டதுதானே?"

கொட்டகையே சிரித்தது. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு. மதலேனாளுக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அவள் கண் கூட்டின் மேல் விழுந்தது. ரப்பர் மூடி இன்னும் கண்ணில்தான் இருந்தது.

கூடு பார்க்கவில்லை. பார்க்காமல் திறந்திருக்கிறது.

அவள் சுல்தானாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"காத அடைச்சிட்டோம்னு சொன்னீகளே, டாக்டரம்மா."

"அடைக்கச் சொன்னேன்க்கா. எழுதிக்கூடக் கொடுத்தேன்."

"அப்ப பதினேழு தடவ இல்ல."

"இல்லக்கா," என்றார் சுல்தானா. "நாப்பது படகு. எட்டு மாசம்."

சிரிப்பு ஒவ்வொரு மூலையாக அடங்கியது. படகில் நண்டைக் கழற்றும்போது, ஒத்தக்கொடுக்கா, விடு என்று சொல்லாத வாய் அந்தக் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது மட்டுமா. நடுக்கடலில் யாருக்கும் கேட்காது என்று பேசியதெல்லாம் ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது. எல்லையை எந்த இடத்தில் தாண்டினோம் என்று பேசியவன் தரையைப் பார்த்தான். மச்சான் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். மிக்கேலைப் பற்றிப் பேசாதவர்கள் அநேகமாக யாருமில்லை. மிக்கேல் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார், கூட்டைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

சந்தியாகுதான் கையை அசைத்தான், பதினைந்து நாளாகப் படகில் அசைத்த அதே கையை. அத அங்கிட்டு வைங்க என்று அர்த்தம். வியாகுலம் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு வந்தது. சந்தியாகு செய்தது சோதனை, குற்றமில்லை, ஊர் அப்படியே சொல்கிறது என்று. அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டதற்கு, தன் வாய்க்கு ஏற்றபடி அந்தக் கதவு ஆடுவதை ஒருநாள் பார்த்ததாகச் சொன்னான். சொல்லியிருக்கலாமே என்றதற்கு, களவாணி சொன்னா நம்பியிருப்பீகளா என்று கேட்டான். 

சுல்தானா சொன்னபடி திருத்தினார். ஒத்தைக்கொடுக்கு நண்டுகள் திரும்ப வர ஆரம்பித்தன. மேலிடத்துப் பாராட்டு திரும்பப் போனதாம், அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. காதை எடுத்துவிட்டோம் என்று நிலையத்திலிருந்து முத்திரை போட்ட கடிதமும் வந்தது. மிக்கேல் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் குருசடி விளக்கின் அடியில் வைத்தார். எண்ணெய் பட்டு அது கண்ணாடி போல ஆகிவிட்டது. கடிதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இப்போது கண்டல்குடாப் படகுகளில் கூடு மேலே வந்தால் முதலில் அதன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். ஒத்தைக்கொடுக்கு நண்டு இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒருத்தன் காலால் ஓரத்துப் பெட்டியைத் தள்ளுவான், இன்னொருத்தன் போடுவான். பெட்டி நிறைந்து வருகிறது. பிலோமி குறை சொல்ல வேறு விசயம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சில நாள் கழித்துக் கரையில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்த சந்தியாகுவிடம் மதலேனாள் கேட்டாள், இப்போதாவது படகில் பழையபடி பேசுகிறாயா என்று. அவன் பக்கத்தில் அடுக்கியிருந்த கூடுகளை ஒரு பார்வை பார்த்தான். கயிற்றைச் சுற்றி முடித்து, முடிச்சைப் போட்டான். பிறகு, கடலில் நிற்கிறவன் போலவே, குரலை இறக்கிச் சொன்னான்.

"பேச்சு நிறைஞ்சிருக்கு, மதினி."